உண்டியலில் விழுந்த பல்

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசம் முடிந்த மறுவாரம் நடந்தது இது. கொடைக்கானல் போகும் சாலையில் பெருமாள்மலையைத் தாண்டிச் சற்று உள்ளே, சரிவில் இருக்கிற என் வீட்டின் கேட்டருகே ஆரம்பித்துப் பழனி மலை உச்சியில் முடிந்தது. இடைப்பட்ட தூரம் முழுவதும் என் வாய்க்குள்தான்.

நான் பத்திரப்பதிவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான்கு பக்க எல்லையும் எழுதாத பத்திரத்தில் ஒருநாளும் முத்திரை வைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரி வரை படிக்கிற ஆள் இந்தத் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன். எனவே என் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அதைப் பற்றி அவர் சொல்ல வேண்டியது எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் நானே அவருக்குச் சொல்லி முடித்தேன்.

டாக்டர் இளம்பெண். வத்தலக்குண்டிலிருந்து சனிக்கிழமைதோறும் மேலே வருவார். கொடைக்கானல் ஊருக்குள், வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் விற்கிற கடைக்கு நேர் மாடியில் அவருடைய கிளினிக். கீழே நோயை விற்று மேலே மருந்து விற்கும் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பல்லின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். வலது பக்கம் கீழே கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. மென்று தின்ன எனக்கு மிஞ்சியிருந்தது இடது பக்கம்தான். அதிலும் மேல் பல்லோடு சரியாக மோதி அரைப்பது இந்த ஒரே பல். இதுவும் போனால் மிச்சக் காலத்துக்குக் கஞ்சிதான். என் அம்மா கடைசிக் காலத்தில் கஞ்சி குடித்ததைப் பார்த்திருக்கிறேன். சாவைவிட அதற்குத்தான் எனக்குப் பயம்.

வேர் சிகிச்சை முடிந்தது. டாக்டர் பல்லைச் சுற்றிலும் செதுக்கி, பசை போன்ற ஒன்றைக் கடிக்க வைத்து அச்சு எடுத்து, கீழே நகரத்திலிருக்கும் லேபுக்கு அனுப்பினார். பின்பக்கப் பல் என்பதால் முழு உலோகக் கேப்பே போதும் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். அதற்குப் பல்லை அதிகம் செதுக்க வேண்டியதில்லை என்று அவரும் ஒத்துக்கொண்டிருந்தார். அது வருகிற வரைக்கும் ஒரு தற்காலிகக் கேப்பை ஒட்டிவிட்டு, மூன்று விஷயங்களைச் சொன்னார். ஒட்டுகிற பண்டம் எதையும் அந்தப் பக்கம் தின்னக் கூடாது. கேப் கழன்றால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். வலி இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்று நினைக்கக் கூடாது. நரம்பை எடுத்துவிட்ட பல் எந்தக் காரணத்துக்காகவும் கத்தாது.

மூன்றும் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்றேன். அது உண்மைதான். தெரிந்துதான் இருந்தது.

என் வீட்டுக்கு அடுத்த நிலத்தில் பூண்டும் பீன்ஸும் போடுகிற புருஷன் பெண்டாட்டி வடகவுஞ்சி மலைக்கிராமத்துக்காரர்கள். தை பிறந்தால் ஊர்க்கூட்டத்தோடு மாலை போட்டுக் காவடி கட்டி, மலைப்பாதையில் நடந்தே பழனிக்கு இறங்குவார்கள். திரும்பி வந்ததும் பஞ்சாமிர்தம் பங்கு வைக்காமல் மாலையைக் கழற்ற மாட்டார்கள். எங்கள் மலையில் விளைகிற வாழைதான் கீழே போய்ப் பஞ்சாமிர்தமாகித் திரும்ப மேலே ஏறி வருகிறது என்பதால், இங்கே அதை வேண்டாம் என்று சொல்வது விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்புகிற மாதிரி.

அன்று காலை அந்த அம்மாள் பச்சைச் சேலையும் கழுத்து மாலையுமாகக் கேட்டருகே வந்து நின்றார்.

"ஆபீசரம்மா, கையை நீட்டுங்க. வெரசா. இன்னும் வீட்டுக்குள்ளகூட நான் காலு வைக்கல."

"பல்லுக்கு வைத்தியம் நடக்குதும்மா. டப்பாவுல வச்சிட்டுப் போங்க, அப்புறமா சாப்பிடறேன்."

"முருகன் வாசல்ல வந்து நிக்கையில அப்புறமா வாங்கன்னா சொல்லுவீக? கொஞ்சூண்டுதான். அது வழுக்கிக்கிட்டு எறங்கீரும்."

கையில் வைத்துவிட்டார். கையில் விழுந்த பிரசாதத்தை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எந்தக் கையேட்டிலும் விதிவிலக்கு கிடையாது. வலது பக்கமாக ஒதுக்கி விழுங்கிவிடலாம் என்றுதான் வாயில் போட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கத்தான் செய்தது, நடுவில் இருந்த கல்கண்டைத் தவிர. அது தானாகவே இடது பக்கம் உருண்டு போனது. வருஷக்கணக்காக அந்தப் பக்கமே மென்று பழகிய வாய், என்னைக் கேட்காமல் ஒரு கடி கடித்தது. பேரீச்சம்பழப் பசையோடு ஏதோ ஒன்று மெல்ல எழும்பி வந்தது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால் கேப்.

அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பல்லே கழண்டுருச்சே. சாமி பிரசாதத்துக்கா இப்பிடி ஆவும்?"

"பல்லு இல்லம்மா, மேல மாட்டுன பிளாஸ்டிக். அதுக்கு ஆயுசே ரெண்டு வாரந்தான்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். அவருடைய கணவர் வரப்பில் நின்றபடி, "அன்னைக்கே ஒரு பூண்டை நச்சி வச்சிருந்தா இவ்வளவு சோலியே இல்லம்மா" என்றார். பூண்டு விளைவிக்கிறவரிடம் பல் வலிக்கு வேறென்ன யோசனை கிடைக்கும்?

கேப்பைக் கழுவி டப்பியில் வைத்தேன். அன்றைக்கே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. என் கணக்கு இப்படி இருந்தது: வலி இல்லை, நிரந்தரக் கேப் வர இன்னும் சில நாள்தான், எப்படியும் கழற்றப் போகிற ஒன்று தானே கழன்றதில் டாக்டருக்கு ஒரு வேலை மிச்சம். ஆயுள் முழுவதும் அடுத்தவர்கள் விதியை மீறாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு, தமக்கென்று ஒரு விதிவிலக்கு எழுதுவதற்குத் தனித் திறமை வந்துவிடுகிறது. நடுவில் ஒருநாள் வறுத்த கடலை தின்னும்போது 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கடலையில் கல் என்று நினைத்துக் கடைக்காரரைத் திட்டினேன். கல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

லேபிலிருந்து கேப் வந்துவிட்டதாகத் தகவல் வந்த சனிக்கிழமை கிளம்பினேன். ஊருக்குள் ஒரு கடைக்குப் பூண்டு கொடுக்க அந்த அம்மாளும் அதே பஸ்ஸில் வந்தார். மூட்டையை இறக்கிவிட்டு என்னோடு மாடியேறி வந்து, கிளினிக் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "நீங்க எதுக்கும்மா?" என்று கேட்டால், "ஏங் கையாலதான கழண்டுச்சு. மாட்டுறதயும் பாத்துட்டுப் போறேன்" என்றார்.

கேப் அழகாக இருந்தது. சுண்டு விரல் நுனியளவு. உள்ளே குடைவு, மேலே மேடும் பள்ளமும். என் பல்லைப் பார்க்காத யாரோ ஒருவர், என் பல்லின் அச்சை மட்டும் வைத்துக்கொண்டு, மேல் பல் எந்த இடத்தில் இறங்கும் என்று கணித்துச் செதுக்கியிருந்தார். டாக்டர் அதைப் பல்லின் மேல் வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. இடையில் நூல் விட்டுப் பார்த்தார். முன்பக்கத்துப் பல்லருகே நூல் உள்ளே போகவே இல்லை. கேப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்:

"மேடம், டெம்பரவரி எப்ப விழுந்துச்சு?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"பக்கத்துப் பல்லு நகர்ந்து இந்த எடத்துக்கு வந்திருச்சு. கேப் நீங்க அச்சுக் குடுத்த அன்னைக்கு இருந்த வாய்க்குச் செஞ்சது. இது வேற வாய்."

காலி மனையைக் கண்டால் பக்கத்துக்காரர் வேலியை நகர்த்துவார் என்பது எனக்குப் புதிதல்ல. அதில்தான் என் சர்வீஸ் முழுவதும் போனது. ஆனால் வாய்க்குள்ளா? "என் வயசுல பல்லு நகருமா? அதென்ன முளைக்கிற பல்லா?" என்று கேட்டேன்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல் எலும்பில் ஆணி மாதிரி அடித்து வைக்கப்பட்டதல்ல என்றார். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்களில், குழிக்குள் தொங்கிக்கொண்டிருக்கிறதாம். ஒரு பக்கம் தாங்கல் போய்விட்டால் பல் அந்தப் பக்கம் சாயும். சாயும் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடும். விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர்ந்து குழியை மூடும். சாகிற வரைக்கும் இது நிற்காது. "எழுபது வயசுன்னாலும் எலும்பு தூங்கறதில்ல, மேடம்" என்றார்.

மூலையிலிருந்து அந்த அம்மாள் சொன்னார்: "எங்க வரப்பும் அப்பிடித்தான் டாக்டரம்மா. மழைக்கு இந்தப் பக்கம் கரையும், அந்தப் பக்கம் மண்ணு ஏறும். கெடந்த எடத்துலயே கெடக்குன்னு நாமதான் நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து, என்னிடத்தில் இனி மாற ஒன்றுமில்லை, எல்லாம் முடித்துக் கட்டி வைத்த கோப்பு என்று ஒரு நினைப்பு இருந்தது. இங்கே என்னவென்றால் என் தாடைக்குள் எனக்குத் தெரியாமல் இடித்தலும் கட்டுதலும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான் டீ குடிக்கும்போதும் பேப்பர் படிக்கும்போதும். ஆச்சரியமாக இருந்தது என்று சொன்னால் போதாது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆனால் உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. டாக்டர் மறுபடி கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவர், அதே இடத்துக்கே திரும்பத் திரும்பக் கொண்டுபோனார். பல்லின் ஒரு மூலை உடைந்திருக்கிறது என்றார். கடலையில் கல் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

"உடைஞ்ச மூலையைக் கட்டிக்கலாம். ஆனா அங்கேர்ந்து விரிசல் கீழ வேர் வரைக்கும் எறங்கியிருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது, மேடம். எடுத்துர வேண்டியதுதான்."

எனக்குக் கஞ்சிக் கிண்ணம் கண் முன்னால் வந்தது.

டாக்டர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். நாற்காலிக்கு மேலிருந்த பெரிய விளக்கை அணைத்தார். பென்சில் முனை போன்ற ஒரு சிறு விளக்கை எடுத்துப் பல்லின் பக்கவாட்டில் வைத்தார். நான் பார்க்க வேண்டும் என்று கேட்டதால், அந்த அம்மாளைக் கூப்பிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிக்கச் சொன்னார். வெளிச்சம் நல்ல பல்லுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரை பரவுமாம். விரிசல் இருந்தால் அதன் மேல் போய் நின்றுவிடும், அதற்கப்பால் இருட்டாகிவிடும்.

விளக்கை வைத்ததும் என் பல் ஒளிர்ந்தது.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மார்கழி அதிகாலையில் பனிமூட்டத்துக்குள் எதிரே வருகிற ஜீப்பின் விளக்கு தெரியுமே, ஜீப் தெரியாது, அந்த இடத்தில் பனியே வெளிச்சமாக மாறி நிற்கும், அப்படி இருந்தது. நரம்பை எடுத்துவிட்டார்கள், செத்த பல் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த அதே பல். செதுக்கி, மூலை உடைந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்த அது ஆரஞ்சு கலந்த மஞ்சளில் உள்ளிருந்து விளக்கேற்றிய மாதிரி நின்றது. உடைந்த மூலையிலிருந்து ஒரு கரிய கோடு கீழே இறங்கியது. மூன்று பேரும் அந்தக் கோட்டையே பார்த்தோம். அது ஈறு வரை போகவில்லை. பாதி தூரத்திலேயே மெலிந்து, வெளிச்சத்துக்குள் கரைந்து போனது. அதற்குக் கீழே முழுப் பல்லும் எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. "முருகா" என்றார் அந்த அம்மாள், மெல்ல. ஒன்றையும் எளிதில் ஒத்துக்கொள்ளாத நானும் அந்த நிமிடம் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.

பல் பிழைத்தது. டாக்டர் உடைந்த மூலையைக் கட்டி, மறுபடி அச்சு எடுத்து, புதுத் தற்காலிகக் கேப் ஒட்டினார். "பஞ்சாமிர்தம்?" என்று கேட்டு அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "நானே இவுக வாசல்ல காவலு நிக்கிறேன்" என்றார் அந்த அம்மாள். கிளம்பும்போது, பொருந்தாத முதல் கேப்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதை ஒரு சிறு டப்பியில் போட்டு என்னிடமே நீட்டினார். "இது வேற யாருக்கும் ஆகாது மேடம். இப்ப உங்களுக்கே ஆகாது."

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த அம்மாள் ரகசியம் போல ஒன்று சொன்னார். டாக்டர் விளக்கை எடுத்த நேரத்தில் அவர் வேண்டிக்கொண்டாராம். பல் தப்பித்தால் பழனி ஆண்டவருக்கு வெள்ளியில் பல் செய்து போடுவதாக. கண் நோய் தீர்ந்தால் கண்மலர், கால் வலி போனால் கால் உருவம் என்று உண்டியலில் போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். "ஏங் கையால கழண்டத எஞ் சாமிதான காப்பாத்தணும்" என்றார். என் பல்லின் பெயரில் என் சம்மதம் இல்லாமல் ஒருவர் ஒப்பந்தம் போட்டு வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

இரண்டாவது கேப் வந்ததும் தட்டாமல் இறங்கியது. டாக்டர் ஒரு நீலத் தாளை இடையில் வைத்துக் கடிக்கச் சொன்னார். ஈறு மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் எனக்கு எல்லாமே சரியாகத்தான் இருந்தது. சரி, ஒட்டிவிடுங்கள் என்றேன். அவர் ஒட்டவில்லை. மரத்த வாய் எதையும் சரி என்றுதான் சொல்லும், உணர்ச்சி திரும்பட்டும் என்று வெளியே உட்கார வைத்தார். கீழேயிருந்து சாக்லேட் வாசனை வந்துகொண்டே இருந்தது. உணர்ச்சி திரும்பிய பிறகு கடித்தால், ஒரு மூலையில் ஏதோ இடறுவது போலிருந்தது. நீலக்கறை பட்ட இடத்தை அவர் லேசாகத் தேய்த்தார். மறுபடி கடித்தேன், இன்னும் துளி. மறுபடி தேய்த்தார். தலைமுடி அளவுகூட இருக்காது. ஆனாலும் தெரிகிறது. நரம்பு போனாலும் பல்லைத் தாங்குகிற அந்த நார்களுக்கு உணர்ச்சி உண்டாம். அந்தத் துளியை விட்டிருந்தால் ஒவ்வொரு கடிக்கும் மேல் பல் அதன் மேலேயே இடித்து, வலி வந்து, மறுபடி வந்திருப்பேன். கேப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: டாக்டருக்குச் சங்கடமாக இருக்குமே என்று 'பரவாயில்லை' சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். தற்காலிகக் கேப் கழன்றால் அன்றைக்கே போய் நில்லுங்கள். கேப்புக்குள் இருப்பதும் பல்தான். ஓரத்தில் நூல் விட்டுத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் அடியிலேயே சொத்தையாகும்.

பிறகு ஒருநாள் அந்த அம்மாள் வாட்டமாக வந்தார். பழனி அடிவாரத்தில் கடை கடையாக ஏறி இறங்கியும் பல் கிடைக்கவில்லையாம். கண் இருக்கிறது, கை, கால், முழு ஆள், தொட்டில், வீடு எல்லாம் இருக்கிறது. "ஒரு கடைக்காரன் முழு முகம் தாரேங்கறான். பல்லும் அதுக்குள்ளதான இருக்கு, வாங்கிக்கங்கறான். பல்லுன்னு சொல்லிப்புட்டு மூஞ்சியப் போட்டா சாமிகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆகாதா?"

விவரணை ஒன்று, சொத்து வேறொன்று என்றால் பத்திரம் செல்லாது என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. உள்ளே போய் அந்த டப்பியை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளியா?"

"வெள்ளி இல்லம்மா. வேற உலோகம். ஆனா அசல் பல்லு. எம் பல்லேதான்."

உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "சாமி கேட்டது பல்லுதான. வெள்ளின்னு நாந்தான சேத்துக்கிட்டேன்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, "நீங்களும் வாங்க. வெள்ளனே கெளம்பிரலாம். பல்லுக்காரக இல்லாம நான் மட்டும் போயி என்னத்தச் சொல்ல?" என்றார்.

போனோம். வளைவுகளில் இறங்கி, அடிவாரத்தில் இழுவை ரயிலில் ஏறினோம். அவர் படியேறித்தான் வருவேன் என்றார். என் மூட்டுக்காக ரயிலில் வந்தார். தரிசனம் முடிந்து உண்டியல் முன் நின்றோம். அவர் கேப்பை என் கையில் கொடுத்து, என் கைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டார். பூண்டு வாசனை போகாத, காய்த்த கை. விட்டோம். நாணயங்களின் மேல் அது விழுந்த சத்தம் கேட்டது, சின்னச் சத்தம். கடலையில் கேட்ட அந்த 'கடக்' போலவே.

உண்டியல் திறக்கிற அன்று அதிகாரி யாரோ அதை எடுத்துப் பார்த்து, எந்த இனத்தில் சேர்ப்பது என்று தவித்திருப்பார். அவர் நிலைமை எனக்குப் புரிகிறது; நானாக இருந்தால் விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். அது என் வாய் சில நாட்களுக்கு மட்டும் இருந்த ஒரு வடிவம். இந்த உலகத்தில் வேறு எந்த வாய்க்கும் பொருந்தாது, இனி என் வாய்க்கும் பொருந்தாது.

இப்போதும் ஒவ்வொரு தையிலும் பஞ்சாமிர்தம் வருகிறது, கல்கண்டைப் பொறுக்கி எடுத்த பிறகு. இடது பக்கமே மெல்லுகிறேன். மெல்லும்போது, இந்த நிமிடமும் உள்ளே எங்கோ ஓர் எலும்பு கரைந்து இன்னொன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு வரும். அதோடு, இருட்டிய அறையில் பல் ஒளிர்ந்தபோது எனக்காக நடுங்கிய அந்தக் கையும் நினைவுக்கு வரும். அப்போதெல்லாம் முடித்துக் கட்டிவிட்டதாக நினைத்த என் வாழ்க்கைக் கோப்பு இன்னும் மூடப்படாமல் திறந்தே இருக்கிறது என்று தோன்றுகிறது.